ஆர்டெல் மட்டும் பார்த்த பந்து

ஆர்டெல் மசார்ட்டுக்குப் பொய் சொல்ல வராது. பெரிய உத்தமி என்று சொல்ல வரவில்லை. காது ஒத்துழைக்காது, அவ்வளவுதான். பொய் நாக்கு நுனிக்கு வருவதற்குள் இரண்டு காதும் சிவந்துவிடும். எங்கள் வால்மோன் ஊரில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் கீழ்க்கூடத்தில் உட்கார்ந்து 'ஆட்டுத்தலை' என்ற சீட்டாட்டம் ஆடுவது வழக்கம். அங்கே ஆர்டெல்லுக்கு எதிர் நாற்காலிக்குத்தான் போட்டா போட்டி. அவள் கையில் நல்ல சீட்டு வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவள் காதைப் பார்த்தால் போதும். ஒரு குளிர்காலத்தில் கம்பளிக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு ஆட வந்தாள்.

"குல்லா போட்டுட்டு வந்திருக்கா பாரு. இன்னைக்கு நம்மள ஏமாத்தப் போறா," என்றார் முடிவெட்டும் எமில்.

"குளிருதுய்யா. குளிர்னா குல்லா போடக் கூடாதா?" என்றாள் ஆர்டெல். சிவப்பு குல்லாயை விட்டு இறங்கிக் கழுத்துவரை வந்தது. அன்றும் தோற்றாள்.

நான் அவளிடம் பாத்திரம் கழுவியவன். செயின்ட் ஓடிலியா கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் தலைமைச் சமையல்காரி, நான் கழுவுதொட்டியடி ஆள். பக்கத்திலேயே இருந்தவன் என்பதால் சொல்கிறேன், அவள் சமையல் சுமார்தான். காபி இன்னும் மோசம். ஆனால் பூயா மட்டும் அவள் கையில்தான் பூயா. கோழி, மாட்டுவால், முட்டைக்கோஸ், பட்டாணி எல்லாம் போட்டு, எது எது என்று தெரியாமல் போகும்வரை ஒரு இரவும் ஒரு பகலும் கொதிக்க வைக்கிற குழம்பு அது. அதை அண்டாவில் வைக்க முடியாது. கனத்த இரும்புக் கொப்பரை வேண்டும். கிளறுவதற்குக் கரண்டி போதாது, படகுத் துடுப்பு வேண்டும்.

கொப்பரை ஆர்டெல்லிடம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவளும் க்ளெட்டஸும் கட்டில் வாங்குவதற்காக ஒரு பண்ணை ஏலத்துக்குப் போனார்கள். கட்டிலுக்கு முன்னால் கொப்பரை ஏலத்துக்கு வந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் தரையில் படுத்தார்கள். "கொப்பரைக்குள்ளயே படுத்திருக்கலாம்ல?" என்று ஊரே கேலி செய்தது. க்ளெட்டஸ் துடுப்பால் கிளறுவான், ஆர்டெல் உப்புப் பார்ப்பாள். பிள்ளை குட்டி இல்லை. அந்தக் கொப்பரைதான்.

சாப்பாட்டுக்கூடத்தில் அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. கீழே போட்டவன் எடுக்க வேண்டும். போட்டவன் ஓடிவிட்டால் பக்கத்தில் இருப்பவன் எடுக்க வேண்டும். ஒரு பட்டாணி உருண்டாலும் கூடத்தின் மறுகோடியிலிருந்து அவளுக்குத் தெரிந்துவிடும். "டேய்! கீழ பாரு! எடு!" என்று ஒரு சத்தம் வரும். யாரென்று யோசிப்பதற்கு முன் எல்லோருடைய முதுகும் வளையும். ஒருமுறை விருந்துக்கு வந்த ஆயரே குனிந்து தன் ரொட்டியை எடுத்தார். எடுத்துவிட்டு "மன்னிக்கணும்மா" என்றும் சொன்னார்.

இனி கொப்பரை பறிபோன கதை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கீஸ்லிங் கல்லூரி. வருடா வருடம் நவம்பரில் அவர்களோடு எங்களுக்கு ஃபுட்பால் ஆட்டம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க வகை. ஆட்டம் எப்போதும் எங்கள் ஊரில்தான் நடக்கும், காரணம் பூயா. ஒரு வருடம் கீஸ்லிங் பையன்கள் ஜெயித்த வெறியில், காலியாகிவிட்ட கொப்பரையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூத்தாடினார்கள். அப்படியே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். நாங்கள் என்ன செய்தோம்? கை தட்டினோம். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சண்டை போட வராது. காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஜாதி. கல்லூரித் தலைவர் ஃபாதர் அலோய் பஸ்ஸுக்கு டாட்டா வேறு காட்டினார். "திருப்பிக் கொண்டாந்துருவாங்க, நல்ல பசங்க," என்றார். ஆர்டெல் "பரவாயில்ல ஃபாதர்" என்றாள். அப்போது அவள் காதை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

மறு வருடம் வளைகுடாப் பத்திரிகையில் 'புகழ்பெற்ற கொப்பரைக்கான போட்டி' என்று போட்டுவிட்டான். தீர்ந்தது கதை. கொப்பரை கோப்பையாகிவிட்டது. ஜெயித்தால்தான் திரும்ப வரும், நாங்களோ ஜெயிக்கிற ரகமே இல்லை. பதினோரு வருடம் தொடர்ந்து தோற்றோம். வருடா வருடம் கீஸ்லிங்காரர்கள் அதை ஒரு தள்ளுவண்டியில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் தங்கள் கல்லூரிக் கண்ணாடிப் பெட்டிக்கே திரும்பத் தள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் க்ளெட்டஸ் இறந்துபோனான். அவன் அடக்கத்தன்று ஊருக்குப் போட்ட பூயாவை ஆர்டெல் இரவல் அலுமினியப் பாத்திரத்தில் வைத்தாள். அடிப்பிடித்துவிட்டது. நாங்கள் எல்லோரும் "அருமை, அருமை" என்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டோம். அவள் சமையலறைப் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு துடுப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றும் தீரவில்லை. ஒரு பெண்பிள்ளையின் சமையல் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்ப்பார்களா?

எண்பத்தாறாம் வருடத்து ஆட்டத்துக்கு முந்தைய வாரம், எங்கள் பயிற்சியாளர் நார்ப் லாம்பெரூருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யோசனை வந்தது. கடைசி நேரத்துக்கு ஒரு தில்லுமுல்லு ஆட்டம். பந்தை வாங்குகிற குவார்ட்டர்பேக் அதை யாருக்கும் தெரியாமல் புல்லில் வைத்துவிட வேண்டும். வயிற்றைப் பிடித்துக் குனிந்துகொண்டு, பந்து தன்னிடம் இருப்பது போல வலது பக்கம் ஓட வேண்டும். நம் ஆட்கள் எல்லோரும் அவனோடு வலது பக்கம் பாய வேண்டும். எதிராளிகள் அத்தனை பேரும் துரத்திக்கொண்டு போனதும், ரோலி டெல்வோ மட்டும் பின்தங்கி, பந்தை எடுத்துக்கொண்டு இடது பக்கம் எல்லைக்கோட்டுக்கு ஓட வேண்டும். ரோலி முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கிறவன். வாசற்கதவை அடைக்கிற உடம்பு. நான்கு வருடத்தில் ஒருமுறைகூடப் பந்தைத் தொட்டதில்லை, எனவே அவனை எவனும் சந்தேகப்பட மாட்டான். அவன் தட்டிலிருந்து எதுவும் உருளாத நாளும் கிடையாது, ஆர்டெல்லின் "டேய்! எடு!" பாதிக்குமேல் அவனுக்காக எழுந்ததுதான்.

நார்ப் இந்த ரகசியத்தைத் தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவர் மனைவி தன் தங்கையிடம் மட்டும் சொன்னாள். எமில் முடிவெட்டும்போது ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாக, ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை மீன்வறுவல் விருந்துக்கு ஊர் கூடியபோது ரகசியம் தெரியாத ஆள் ஊரில் இல்லை. வெளியூர்க்காரனிடம் மூச்சு விடவில்லை, அது வேறு. எங்களுக்குள் சொல்லிக்கொண்டால் அது ரகசியம்தானே?

"எல்லாரும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க," என்றார் எமில், மீன் முள்ளை நீட்டி. "நார்ப் தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சா அதுதான் சைகை. உடனே எல்லாரும் வலது பக்கம் பாக்கணும். ஒரு கண்ணுகூடப் பந்து மேல போகக் கூடாது. நாம பாத்தா அவனும் பாப்பான்."

"ஆர்டெல்?" என்றார் ஃபாதர் அலோய்.

முன்னூறு தலையும் வாசல் பக்கம் திரும்பின.

"அவகிட்ட யாரும் சொல்லலையே?" என்றார் எமில் பதற்றமாக. "அவளுக்குத் தெரிஞ்சா அவ காது கீஸ்லிங்லேர்ந்தே தெரியுமேய்யா!"

அந்த நேரம் பார்த்து ஆர்டெல் உள்ளே வந்தாள். முன்னூறு பேர் ஒரே மூச்சில் பனிக்கால டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். டயரில் அவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியிருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யூஜின், நான் வந்ததும் எல்லாரும் பேச்ச மாத்திட்டீங்க. என்ன விஷயம்?"

"டயர்தான்."

"கொப்பரைய ஒடச்சிட்டானுங்களா? இரும்புக்கடைக்குப் போட்டுட்டானுங்களா? சொல்லித் தொலை."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆர்டெல்."

"அப்ப என் பூயாவப் பத்தித்தான் பேசுறீங்க. க்ளெட்டஸ் சாவுக்கு வச்சது அடிப்பிடிச்சிருந்ததுல்ல? எனக்குத் தெரியும்யா. ரெண்டு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டீங்களே, அப்பவே தெரியும்."

தொண்டையில் மீன் முள் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

சனிக்கிழமை மைதானத்தில் ஊர் முழுக்கக் கூடியது. ஃபாதர் அலோய் ஒலிபெருக்கியில் ஜெபித்தார். "ஆண்டவரே, இரு அணிக்கும் காயம் படாமல் காத்தருளும். எங்கள் மக்களுக்கு எந்தச் சோதனையிலும் கண்களை அடக்கும் வரத்தைத் தாரும்." எல்லோரும் என்றுமில்லாத உருக்கத்தோடு "ஆமென்" என்றோம். ஆர்டெல் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு கீஸ்லிங்காரர்கள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொப்பரைக்குள் இந்த வருடம் மண் நிரப்பி மஞ்சள் செவ்வந்தி நட்டிருந்தார்கள்.

"பூச்செடி," என்றாள் ஆர்டெல். "பூச்செடி வச்சிருக்கான் யூஜின். என் கொப்பரையில மண்ணப் போட்டுப் பூச்செடி வச்சிருக்கான்." காது சாதாரணமாக இருந்தது, கண்தான் சிவந்திருந்தது.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது பெரும்பாலும் சேற்றில் நடந்தது. ஆச்சரியம் என்னவென்றால், முடிய நான்கு வினாடி இருக்கும்போது நாங்கள் ஐந்தே புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். பந்தோடு தாண்டினால் ஆறு புள்ளி தருகிற எல்லைக்கோடு கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு ஆட்டம் பாக்கி.

நார்ப் தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார்.

பந்து கை மாறுவதற்கு முன்பே ஊர் மொத்தமும் வலது பக்கம் திரும்பிவிட்டது. குழந்தைகள் திரும்பின. வாத்தியக்காரர்கள் திரும்பினார்கள். வறுத்த சோளம் விற்கிறவன் திரும்பினான். அங்கே வேலியையும் ஒரு டிராக்டரையும் தவிர ஒன்றுமில்லை. அந்த டிராக்டரை இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. நானும் பார்த்தேன். பச்சை நிறம். கால்கள் மண்ணில் தடதடவென்று வலது பக்கம் ஓடி வருவது கேட்டது. எங்கள் குவார்ட்டர்பேக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கண்ணெதிரே ஓடினான், அவன் மேல் கீஸ்லிங்காரர்கள் குவியலாக விழுந்தார்கள். விழுந்தவர்கள் பந்தைத் தேடினார்கள். எவ்வளவு அருமையாக நடித்தான் பையன் என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

அவன் அவ்வளவு அருமையாக நடித்ததுதான் கோளாறு. ரோலி நம்பிவிட்டான். வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்தவன், அந்த நிமிடத்தில் பந்து நிஜமாகவே குவார்ட்டர்பேக் வயிற்றில் இருக்கிறது என்று நினைத்து, அவனைக் காப்பாற்றத் தானும் வலது பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டான். பந்து வைத்த இடத்திலேயே புல்லின் மேல் தனியாகக் கிடந்தது. விஷயம் முன்பே சொல்லப்பட்டிருந்த நடுவர் மட்டும் ஊதலை வாயில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். இரண்டு அணியிலும் எவனும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் எவனும் பார்க்கவில்லை, டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆர்டெல் பார்த்தாள். அவளிடம்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

"டேய் ரோலி!" சாப்பாட்டுக்கூடத்தில் வருகிற அதே சத்தம், மைதானம் முழுக்க. "கீழ பாரு! கீழ கெடக்கு பாரு! எடு!"

அந்தச் சத்தத்துக்குப் பழகின உடம்பு எங்களுக்கெல்லாம். செயின்ட் ஓடிலியாவில் சாப்பிட்ட அத்தனை பேரும், டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் உட்பட, அப்படியே குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடினோம். நார்ப் லாம்பெரூரே குனிந்தார். எனவே அதற்கு அடுத்து நடந்ததையும் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

நடந்ததை ஆர்டெல் சொல்லித்தான் தெரியும். ஓடிக்கொண்டிருந்த ரோலி கயிறு கட்டி இழுத்த மாதிரி நின்றானாம். திரும்பினானாம். "நான் போடல மிஸஸ் மசார்ட்!" என்றானாம். "போட்டவன் ஓடிட்டான்! பக்கத்துல நீதானே இருக்க? எடுடா!" என்று இவள் சொன்னதும், "சாரி மிஸஸ் மசார்ட்" என்று வந்து குனிந்து எடுத்தானாம். எடுத்த பிறகுதான் கையில் இருப்பது என்ன என்று அவனுக்கு உறைத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஓடினான் என்று ஆர்டெல் சொல்வாள். அவன் உடம்பை அறிந்தவன் என்ற முறையில், நடந்தான் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஆர்டெல்லுக்குப் பொய் வராது. கடைசியில் கீஸ்லிங்காரன் ஒருவன் துரத்தி வந்து காலைப் பிடித்தபோது ரோலி முன்பக்கமாக விழுந்தான். விழுந்த நீளம் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது.

நாங்கள் நிமிர்ந்தபோது நடுவர் புள்ளி கிடைத்ததற்கு அடையாளமாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டோம். பதில் சொல்ல ஆளில்லை. எங்கள் கல்லூரியின் சரித்திரத்திலேயே பெரிய வெற்றியை, அதற்காக வந்திருந்த ஊரில், பார்த்தது ஒரே ஒருத்தி.

ஆர்டெல் அதற்குள் மைதானத்தில் இறங்கிவிட்டாள். நேரே தள்ளுவண்டிக்குப் போனாள். செவ்வந்திச் செடியை வேரோடு பிடுங்கி கீஸ்லிங் பயிற்சியாளர் கையில் கொடுத்தாள். "இது உங்களுது தம்பி," என்றாள்.

அன்று மாலை எல்லாம் வெளிவந்தது. ஃபாதர் அலோய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஊருக்கே தெரியுமா?" என்றாள் ஆர்டெல். "எமிலுக்கு? யூஜினுக்கு? சோளம் விக்கிறவனுக்குக்கூட? எனக்கு மட்டும் தெரியாதா?"

"உன் காது, ஆர்டெல்..." என்றார் ஃபாதர்.

எங்களுக்குத் தலை நிமிரவில்லை. "நல்ல காரியம் பண்ணினீங்க," என்றாள் கடைசியில். "சொல்லியிருந்தா நானும் லூசு மாதிரி டிராக்டரப் பாத்துட்டு நின்னிருப்பேன்."

சிரித்து முடிப்பதற்குள் ஃபாதர் அடுத்த குண்டைப் போட்டார். கல்லூரி முகப்பில் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லியாகிவிட்டதாம். கொப்பரை இனிமேல் அதில்தான் இருக்குமாம். பாரம்பரியமாம். அடுத்த வருடம் தோற்றால் மறுபடி கீஸ்லிங்குக்குப் போகுமாம்.

"பரவாயில்ல ஃபாதர்," என்றாள் ஆர்டெல்.

இந்த முறை நான் பார்த்தேன். இரண்டு காதும் நெருப்பாக இருந்தன.

"உள்ள மண்ணா இருக்கு. கழுவிட்டுத் தரேன்," என்று சமையலறைக்குக் கொண்டுபோனாள். கழுவினாள். கிறிஸ்துமஸ் வந்தது, கழுவிக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்கு ஃபாதர் வந்து கேட்டபோது, "துரு போக மாட்டேங்குது ஃபாதர்," என்றாள், கம்பளிக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு. ஜூன் மாதத்தில் அடுப்படியில் கம்பளிக் குல்லா போட்டிருந்த ஒரே சமையல்காரி அவள்தான். ஞாயிறுதோறும் கோயில் கீழ்க்கூடத்தில் பூயா மணத்தது. ஃபாதரும் வந்து கிண்ணத்தை நீட்டினார், அது எதில் கொதித்தது என்று கேட்கவில்லை.

அடுத்த நவம்பரில் மைதானத்துக்குக் கொப்பரை வந்தது, அடுப்போடு. விறகு எரிந்தது, குழம்பு கொதித்தது, ஆர்டெல் க்ளெட்டஸின் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தாள். நாங்கள் வழக்கம்போலப் படுதோல்வி அடைந்தோம். கீஸ்லிங் பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தவர்கள் கொப்பரையைத் தொட்டதும் கையை உதறினார்கள்.

"சுடும் கண்ணுங்களா," என்றாள் ஆர்டெல். "உங்க கொப்பரதான், யாரு இல்லன்னா? காலி பண்ணிட்டு எடுத்துட்டுப் போங்க."

கிண்ணம் கொடுத்தாள். சாப்பிட்டார்கள். அவர்கள் ஒரு கிண்ணம் எடுக்க, இவள் ஒரு முட்டைக்கோஸை வெட்டிப் போட்டாள். இரண்டு கிண்ணம், மூன்று கிண்ணம். இவள் இன்னொரு கோழி போட்டாள். பஸ் டிரைவர் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் அவரும் இறங்கி வந்து ஒரு கிண்ணம் வாங்கினார். புறப்படும்போது பையன்களால் தங்களைத் தாங்களே தூக்க முடியவில்லை, கொப்பரையை எங்கே தூக்குவது? "அடுத்த வருஷம் எடுத்துக்கறோம் மிஸஸ் மசார்ட்," என்று கையசைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எத்தனையோ தடவை ஜெயித்தார்கள். கொப்பரையை ஒருமுறைகூடக் காலி செய்ய முடியவில்லை.

பஸ் போனதும் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆர்டெல், உண்மையச் சொல்லு. இத ஒரு வருஷமா யோசிச்சுத்தானே வச்சிருந்த?"

"எத?"

"இதத்தான். கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்தியே."

"பசங்க குளிர்ல ஆடறாங்களே, சூடா இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன். வேற என்ன?"

"குல்லாவக் கழட்டு, பாப்போம்."

"குளிருதுய்யா," என்று குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு துடுப்பைப் பிடித்தாள்.

அன்று குளிரவே இல்லை.